தாளுக்கு எந்த ஊர்?

சிங்கப்பூர் உணவங்காடிகளில் மேசை பிடிக்க ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். திரும்பி வரும்வரை அந்த இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். டவுன் பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம்பிடித்து வளர்ந்தவனுக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாக்கெட்டுகளை விற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மேசை மேசையாக வந்து நிற்பார்கள். அப்போது மூன்று பாக்கெட் ஒரு வெள்ளி.

2015 செப்டம்பர் 25. புகைமூட்டத்தால் அன்று தொடக்கப்பள்ளிகளுக்கும் உயர்நிலைப்பள்ளிகளுக்கும் விடுமுறை விட்டிருந்தார்கள். காற்று மாசு எண் 300ஐத் தாண்டியிருந்தது. தேக்கா உணவங்காடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகள் பழைய புகைப்படம்போல மங்கித் தெரிந்தன. ஈர விறகு எரியும் வாசனை. முகக்கவசம் போட்ட ஒரு மூதாட்டி வழக்கம்போல டிஷ்யூ பையோடு வந்து நின்றார். இந்தப் புகையில் வீட்டில் இருக்கக் கூடாதா ஆன்ட்டி என்று கேட்க நினைத்தேன். இருக்க முடிந்தால் வந்திருக்க மாட்டார் என்று பட்டது, கேட்கவில்லை. மூன்று பாக்கெட் வாங்கி, ஒன்றைப் பிரித்து, எரிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கண்ணை எரித்த புகைக்கும் கண்ணைத் துடைத்த தாளுக்கும் ஊர் ஒன்றாக இருக்கலாம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது பன்னிரண்டு நாள் கழித்து.

அக்டோபர் 7ஆம் தேதி, இங்குள்ள தொழிற்சங்கக் கூட்டுறவான என்டியுசி ஃபேர்பிரைஸ், ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற இந்தோனேசியக் குழுமத்தின் தாள் பொருள்கள் அனைத்தையும் தன் கடைகளிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. தீவின் மிகப் பெரிய பேரங்காடி அது. அந்தக் குழுமத்தின் சிங்கப்பூர் விநியோகஸ்தருக்குக் கொடுத்திருந்த பச்சை முத்திரையைச் சுற்றுச்சூழல் மன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்ததுதான் தொடக்கம். ஷெங் சியோங், பிரைம் போன்ற மற்ற கடைகளும் பின்னால் வந்தன. தன் வழங்குநர்கள் நிலத்துக்குத் தீ வைப்பதில்லை என்பது குழுமத்தின் பதிலாக இருந்தது. மறுநாள் மாலை எங்கள் புளோக்குக்குக் கீழே இருந்த கடைக்குப் போனபோது டிஷ்யூ அடுக்கும் தட்டில் பாதி காலியாகக் கிடந்தது. வீட்டுக்கு வேண்டியதை வாங்காமல் அந்தக் காலித் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை ஆண்டுகள் அந்தத் தட்டிலிருந்து எடுத்து எடுத்துக் கூடையில் போட்டிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்கிறோம். முதலில் கேட்பது ஊரை. பொருளையும் அப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறோம். வெற்றிலை என்றால் கும்பகோணமா என்று கேட்கிறோம். மல்லிகைக்கு மதுரை, பூட்டுக்குத் திண்டுக்கல், முறுக்குக்கு மணப்பாறை. சிங்கப்பூருக்கு வந்த பிறகும் தேக்காவில் முருங்கைக்காய் வாங்கும்போது இது இந்தியாவா மலேசியாவா என்று கேட்காமல் யாரும் பையில் போடுவதில்லை. தாளை மட்டும் ஊரில்லாத பொருளாக விட்டுவிட்டோம். இத்தனைக்கும் எழுதுபொருளுக்கு நம் மொழி வைத்த பெயர்கள் பலவும் செடியிலிருந்து வந்தவை. ஓலை பனையுடையது. மடல் தாழைக்கும் உண்டு, கடிதத்துக்கும் உண்டு. ஏடு என்றாலும் இதழ் என்றாலும் பூவின் பாகம். தாள் என்பது நெற்பயிரின் அடித்தண்டு. ஓலையைக் கையில் எடுத்தவனுக்கு அது எந்த மரம் என்று தெரியும்; பல நேரம் யார் வீட்டுக் கொல்லை என்பதும் தெரியும். இன்றைய தாளைக் கையில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மரத்தைச் சில்லு சில்லாக வெட்டி, ரசாயனத்தில் வேகவைத்து, வெளுத்து, கூழாக்கி, பல இடத்துக் கூழைக் கலந்து பரப்பிய பிறகு அதற்கு ஊரும் கிடையாது, பெயரும் கிடையாது. கடைக்காரருக்கு இதைவிட வசதியான பொருள் வேறில்லை.

அந்தக் காலித் தட்டுக்கு ஊர் உண்டு. சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில், சியாக் ஆற்றங்கரையில், பெராவாங். சிங்கப்பூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் கூழ் காய்ச்சும் இண்டா கியாட் ஆலை அங்கேதான் இருக்கிறது; ஏஷியா பல்ப் அண்ட் பேப்பரின் ஆலை, சினார் மாஸ் குழுமத்துச் சொத்து. இன்னும் தெற்கே பங்கலான் கெரிஞ்சியில் போட்டிக் குழுமமான ஏப்ரலின் (APRIL) ஆலை. ஒரு டன் கூழுக்கு நாலரைக் கன மீட்டர் மரம்போல வேண்டும். இரண்டு உலைவாய்களுக்கு நடுவே ஒரு மாநிலம். 1982இல் ரியாவின் 78 விழுக்காடு காடாக இருந்தது. 2007இல் அது 27 விழுக்காடு. இருபத்தைந்தே ஆண்டு. எல்லாப் பழியும் தாள் ஆலைக்கு உரியதல்ல, செம்பனைத் தோட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் செம்பனைக்குக் காட்டின் நிலம் மட்டும் போதும். கூழ் ஆலை காட்டு மரத்தையே தின்று, அந்த நிலத்தில் தனக்கு அடுத்த வேளைக்கான வேலமரத்தை நட்டுக்கொண்டது.

அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புகை அங்கேதான் பிறக்கிறது. சுமத்ராவின் கிழக்குக் கரையோரம் பெரும்பகுதி பீட் எனப்படும் மட்கு நிலம். விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீருக்குள் கிடப்பதால் முழுதாக மட்கிப்போகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த மண். மண் என்று சொல்வதே சரியில்லை. அது ஊறிக் கிடக்கும் காடு. கம்பார் தீபகற்பத்தில் சில இடங்களில் பத்து மீட்டருக்கும் ஆழம். தண்ணீர் இருக்கும்வரை அது எரியாது, கரியும் வெளியேறாது. அதில் வேலமரத் தோப்பு போட வேண்டுமானால் முதலில் நீரை வடிக்க வேண்டும். கயிறு பிடித்தாற்போல நேர்கோட்டில் கால்வாய் வெட்டுகிறார்கள். அதே கால்வாயில் மரக்கட்டைகள் படகில் ஆலைக்குப் போகின்றன. நீர் வடிந்ததும் நிலம் அமுங்கத் தொடங்குகிறது. ரியாவிலும் பக்கத்து ஜம்பி மாநிலத்திலும் அளந்து பார்த்தவர்கள், முதல் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 1.4 மீட்டர் இறங்குவதாகவும் அதன்பின் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே போவதாகவும் கண்டார்கள். நிலம் கடல்மட்டத்தை நோக்கி இறங்குகிறது. காய்ந்த மட்கில் தீப்பட்டால் அது தரைக்கு மேலே எரிந்து அடங்குவதில்லை. உள்ளே இறங்கி வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கிறது. மேலே தண்ணீர் ஊற்றுபவரின் காலுக்கடியில் நெருப்பு நடந்துபோகிறது. மழை வந்தால்தான் அடங்கும்.

2015இல் மழை தாமதமாயிற்று. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி நட்டத்தை 1,600 கோடி டாலர் என்று கணக்கிட்டது. மூச்சின் கணக்கை ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறு ஆண்டு வெளியிட்டார்கள்: அந்தப் புகையால் காலத்துக்கு முன்பே நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ ஒரு லட்சம். அவர்களது மதிப்பீட்டில் சிங்கப்பூருக்கு 2,200, மலேசியாவுக்கு 6,500. மீதி, ஏறத்தாழ 92,000, இந்தோனேசியர்கள். இந்த எண்ணைப் படித்த பிறகு, தேக்காவில் என் கண் எரிந்த கதையை யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

அந்தக் காலித் தட்டு புகையால் மட்டும் காலியாகவில்லை. அதற்குப் பின்னால் பதினைந்து ஆண்டு உழைப்பு இருந்தது.

2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் ஃபாரஸ்ட் எதிக்ஸ், டாக்வுட் அலையன்ஸ் என்ற இரண்டு சிறிய அமைப்புகள் ஸ்டேப்பிள்ஸ் கடை வாசல்களில் நிற்கத் தொடங்கின. அலுவலகத் தாள் விற்கும் பெரிய சங்கிலிக் கடை அது. காட்டில் போய் மரத்தைக் கட்டிப்பிடிக்காமல் ஏன் கடை வாசலில் நின்றார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரம் வெட்டுபவனை யாருக்கும் தெரியாது, அவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆலைக்காரர் அரசியல்வாதியின் தோளில் கைபோட்டு நிற்பவர். கடைக்காரர் ஒருவருக்குத்தான் பெயர்ப்பலகை இருக்கிறது, அதில் அழுக்குப் படிந்தால் வலிக்கும். 2002 நவம்பரில் ஸ்டேப்பிள்ஸ் தாள் கொள்முதலுக்கு ஒரு கொள்கையை அறிவித்தது. 2007 அக்டோபரில் வனச் சான்றிதழ் வழங்கும் எஃப்எஸ்சி, ஏஷியா பல்ப் அண்ட் பேப்பருடன் தன் தொடர்பை முறித்துக்கொண்டது. 2008 பிப்ரவரியில் ஸ்டேப்பிள்ஸும் அந்தக் குழுமத்திடம் வாங்குவதை நிறுத்தியது. எட்டு ஆண்டு. இன்று கைபேசியில் ஒரு கையொப்பம் இட்டுவிட்டு அடுத்த வாரமே பலனை எதிர்பார்ப்பவர்கள் இந்த எட்டை மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து நடந்தது என்னை மிகவும் பாதித்தது. 2010இல் ரெயின்ஃபாரஸ்ட் ஆக்‌ஷன் நெட்வொர்க் அமைப்பினர், அமெரிக்காவின் முன்னணிப் பதிப்பகங்கள் வெளியிட்ட முப்பது குழந்தை நூல்களை வாங்கிச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். தாளைக் கரைத்து நுண்ணோக்கியின் கீழ் பரப்பினால், கூழாகிப்போன பிறகும் இழையால் தன் சாதியை மறைக்க முடிவதில்லை. வேலமரத்தின் குழலணுவுக்கு ஒரு வடிவம், யூகலிப்டஸுக்கு வேறு வடிவம். தோப்பு மரமானால் ஒரே வகை இழை வரும். இயற்கைக் காட்டை வெட்டியதானால் பத்துப் பதினைந்து மரங்களின் இழைகள் கலந்து கிடக்கும். காட்டில் மரங்கள் அப்படித்தானே நிற்கின்றன. முப்பதில் பதினெட்டு நூல்களில், இந்தோனேசியக் காட்டழிவோடு தொடர்புடைய இழை இருந்தது. ஒரு தகப்பனாகச் சொல்கிறேன், இரவு படுக்கையில் குழந்தைக்குப் புலிக்கதை வாசித்துக் காட்டும் பக்கம், சுமத்ராப் புலியின் காட்டை வெட்டிச் செய்ததாக இருக்கக்கூடும் என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்தப் புலிகள் இப்போது சில நூறுதான்.

எழுத்துச் சோதனை செய்பவன் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுபோல, இழையை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார்கள். தாளுக்கு ஊர் இல்லை என்ற கடைக்காரரின் சாக்கு அதோடு போயிற்று. 2011 ஜூனில் கிரீன்பீஸ், பார்பி பொம்மையின் அட்டைப்பெட்டியைச் சோதித்துவிட்டு மேட்டல் நிறுவனத்தின் தலைமையகத்தின்மேல் பெரிய பதாகையைத் தொங்கவிட்டது. நான்கு மாதத்தில் மேட்டல் தன் கொள்முதலை மாற்றியது. 2012இல் கிரீன்பீஸார் பெராவாங் ஆலை முற்றத்தில் ராமின் கட்டைகள் கிடப்பதைப் படமெடுத்து, மாதிரிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். இந்தோனேசியாவே 2001 முதல் வெட்டத் தடைசெய்திருந்த மரம் அது. நேஷனல் ஜியாகரபிக்கும், நகலுக்கே நாம் பெயராக வைத்திருக்கும் ஜெராக்ஸும் அந்தக் குழுமத்திடம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. அக்டோபரில் டிஸ்னியும் தாள் கொள்முதலுக்கு ஒரு கொள்கையை அறிவித்தது. 2013 பிப்ரவரி 5 அன்று, இனி இயற்கைக் காட்டை வெட்ட மாட்டோம் என்று ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் அறிவித்தது. 2015 ஜூனில் ஏப்ரல் குழுமமும் அதே வாக்குறுதியைக் கொடுத்தது.

இதை நுகர்வோரின் வெற்றி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனித்தனி நுகர்வோர் மனம் இரங்கி வேறு டிஷ்யூ வாங்கியதால் எந்த ஆலையும் நிற்கவில்லை. செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைபடம் போட்டவர்கள், கால்வாய் ஓரம் பதுங்கிப் படமெடுத்த சுமத்ரா இளைஞர்கள், நுண்ணோக்கியில் குனிந்தவர், கடை வாசலில் பனியில் நின்றவர், இவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்தார்கள். கொள்முதல் அதிகாரி. ஒரு கையெழுத்தால் கப்பல் கப்பலாகத் தாளை வரவழைக்கவும் நிறுத்தவும் கூடிய மனிதர். அவரிடம் இது எந்த ஊர் என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று வெளியே சொல்ல அவரது கம்பெனிக்குத் துணிவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நீதிமன்றத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். தெற்கு சுமத்ராவில் எரிந்த தோப்புக்காக பூமி மேகார் ஹிஜாவ் என்ற நிறுவனத்தின்மேல் இந்தோனேசிய அரசு வழக்குப் போட்டது. ஏஷியா பல்ப் அண்ட் பேப்பருக்கு மரம் கொடுக்கும் நிறுவனம். கேட்ட இழப்பீடு 7.9 லட்சம் கோடி ரூபியா. 2015 டிசம்பரில் பாலெம்பாங் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எரிந்த நிலத்தில் மீண்டும் நடலாமே என்பது நீதிபதியின் வாதங்களில் ஒன்று. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. விதித்த தொகை 7,850 கோடி ரூபியா. கேட்டதில் நூற்றில் ஒரு பங்கு. நூறு பங்கையும் தண்டியிருந்தாலும் எரிந்துபோன மட்கு நிலம் சேர்வதற்கு இன்னும் சில ஆயிரம் ஆண்டு ஆகும் என்பது வேறு.

ஆனாலும் வாக்குறுதியைக் காடு என்று நம்பிவிடக் கூடாது. இதே ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் குழுமம் 2003இல் உலக வனவிலங்கு நிதியத்தோடு ஓர் உடன்பாடு செய்தது; ஆறே மாதத்தில் அது முறிந்தது. 2007க்குள் தோப்பு மரத்துக்கே முழுதாக மாறிவிடுவோம் என்றார்கள். அது 2009 ஆயிற்று, அப்புறம் 2015. 2013 வாக்குறுதிக்குப் பின் அதன் பக்கத்தில் நின்று உதவிய கிரீன்பீஸே 2018 மே மாதம் விலகிக்கொண்டது. குழுமத்தோடு தொடர்புடைய இரண்டு நிறுவனங்களின் குத்தகை நிலத்தில் 2013க்குப் பிறகும் 8,000 ஹெக்டேரை ஒட்டிய காடும் மட்கு நிலமும் அழிக்கப்பட்டிருந்ததை வரைபடங்கள் காட்டின. இடையில், 2016 முடிவில், தெற்கு சுமத்ராவில் ஆண்டுக்கு 20 லட்சம் டன் கூழ் காய்ச்சும் இன்னொரு ஆலையைத் திறந்தார்கள். காடு வேண்டாம் என்றவர் வாயைப் பெரிதாக்கிக்கொண்டார். மனிதக் கணக்கு இன்னும் கொடியது. 2015 பிப்ரவரியில் ஜம்பியில், குழுமத்தின் வழங்குநர் அமர்த்திய காவலர்கள் விவசாயச் சங்கத்து இளைஞர் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அவருக்கு வயது 22. கொள்கை அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் தீவின்மேல் எனக்குக் குறை உண்டு. தட்டைக் காலி செய்தோம், நல்லது. ஆனால் புகை நம் மூக்குக்கு வந்த பிறகுதான் செய்தோம். ரியாவில் காடு விழுந்த இருபத்தைந்து ஆண்டும் காற்று நம் பக்கம் அடிக்காத மாதங்களில் நமக்கு அந்தக் காடு இல்லை. நவம்பரில் மழை பெய்தது, வானம் கழுவிவிட்டாற்போல ஆயிற்று, நாமும் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். நானும்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது எட்டாத கதை என்று தோன்றலாம். 2018 டிசம்பரில் இந்திய அரசு இந்தோனேசிய நகல் தாளுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. வரி போடும் அளவுக்கு அந்தத் தாள் இந்தியச் சந்தைக்குள் வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். வரி போட்டவர்கள் பார்த்தது அதன் மலிவை. ஏன் மலிவு என்ற கேள்வி காட்டுக்குள் போகும், அங்கே அவர்கள் போகவில்லை. தாளுக்கு வேறு வழியே இல்லை என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரூர்ப் பக்கம் புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து காட்டியது. சக்கையோடு உழவர்கள் வளர்க்கும் சவுக்கும் தைலமரமும் சேர்கின்றன. அதற்கும் தண்ணீர், கழிவு என்று கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கேட்கலாம். ஊர் தெரிகிறது, அதனால் கேட்கலாம்.

என் அலமாரியில் இருக்கும் பழைய தமிழ் நூல்கள் சிலவற்றை இதை எழுதும்போது எடுத்துப் பிரித்தேன். உரிமைப் பக்கத்தில் நூல் விவரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். பதிப்பு, அளவு டெமி, எழுத்து 12 புள்ளி, தாள் 18.6 கிலோ, பக்கம் இத்தனை, விலை இவ்வளவு, அச்சிட்டோர் இன்னார். அச்சிட்டவரின் தெருப்பெயர்கூட இருக்கிறது. தாளின் எடை இருக்கிறது. தாள் எந்த ஆலை, எந்த ஊர், எந்தச் செடி என்பது ஒரு நூலிலும் இல்லை.

இந்த இதழின் ஆசிரியரிடமும், நூல் போடும் நண்பர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேருங்கள். அதற்காக அச்சகத்தாரிடம் கேட்க வேண்டியிருக்கும். அவர் தாள் மண்டிக்காரரிடம் கேட்பார், அவர் ஆலை முகவரிடம் கேட்பார். முந்நூறு பிரதி போடுபவர் கேட்டால் முதல் தடவை சிரிப்பார்கள். முப்பது பேர் கேட்டால் குறித்துவைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டுக்கட்டாகத் தாள் வாங்கும் வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அவர்கள் குரலுக்கு எங்களுடையதைவிட நூறு மடங்கு வலு என்பதை நினைவில் வையுங்கள். ஊரைக் கேளுங்கள். சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.